மூன்றாவது அவுட்டோர்

ஏசியிலிருந்து வந்த காற்றைவிடச் சுவர் சில்லென்றிருந்தது. அதுதான் அவனுக்கு முதலில் உறுத்தியது.

பதினாலு வருஷமாக ஏசி மெக்கானிக். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மெஷினுக்கு முன்னால் கையை நீட்டிப் பார்ப்பான், அப்புறம்தான் வீட்டுக்காரர்களுக்கு வணக்கம். இது அக்கா வீடு, வணக்கமும் மிச்சம். நேராகப் படுக்கையறைக்குப் போய்க் கையை நீட்டினான். வெதுவெதுவென்று ஒரு காற்று, ரொம்ப நாள் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடையோடு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கட்டிலை நகர்த்தலாம் என்று சுவரில் கையை ஊன்றினான், உள்ளங்கை ஜில்லிட்டது. வெயில் படாத சுவர் கொஞ்சம் குளிர்ந்துதான் இருக்கும். ஆனால் இது வியர்த்திருந்தது. பிரிட்ஜிலிருந்து எடுத்துவைத்த பாட்டில்மேல் பூக்குமே, அப்படிச் சின்னச் சின்ன முத்தாகத் தண்ணீர்.

"அந்தச் சுவத்தோடதான் ஒட்டிக்கிட்டுத் தூங்குறாடா," என்றாள் அக்கா. "தூக்கி இந்தப் பக்கம் போட்டாலும் பத்து நிமிஷத்துல உருண்டு அங்கயே போயிடுறா."

பொடிசு கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். ஆறு வயசு, அக்காவின் ஒரே மகள். மூன்று நாளாகக் காய்ச்சல். போன வருஷம் இதே மாதிரி காய்ச்சல் ஏறி வலிப்பு வந்து, கண் செருகி, அவன் கையில்தான் பத்து நிமிஷம் விறைத்துக்கொண்டு கிடந்தாள். கல்யாணமும் இல்லை, காட்சியும் இல்லை. அவனுக்கு உசுரென்று ஒன்று இருந்தால் அது இந்த வாண்டுதான்.

"டாக்டர் ரூமைக் குளுமையா வெச்சுக்கணும்னு சொல்லிட்டார். எப்படியாவது இன்னைக்கே சரி பண்ணிடுடா. ஆஸ்பத்திரில டியூட்டிக்கு ஆள் இல்ல, நான் ஒரு எட்டு போய்த் தலைகாட்டிட்டு நாலு மணிக்கு வந்துடறேன். அவளத் தனியா விட்டுடாத."

"போக்கா. இவள விட்டுட்டு நான் எங்க போகப் போறேன்?"

அக்கா கிளம்பினாள். புருஷன் கப்பலில், வர எட்டு மாசம். மூன்று வாரம் முன்னால்தான் புரோக்கர் மூலம் இந்த வீட்டுக்குக் குடிவந்தாள். வீட்டு ஓனர் யாரென்று முகம் பார்த்தவர் கிடையாது.

வழக்கமான வேலைகளை வழக்கமான வரிசையில் செய்தான். ஃபில்டரைக் கழற்றினான், அக்கா கழுவித்தான் வைத்திருந்தாள். ரிமோட்டில் ஏதாவது தப்பாக அழுத்தியிருப்பார்கள், பாதி வீட்டில் கோளாறு அதுதான். இங்கே அதுவும் சரி. உள்ளே விசிறி சுற்றியது, காற்று வந்தது, குளிர்தான் வரவில்லை. அப்படியானால் வெளியே இருக்கிற அவுட்டோர் மெஷினில்தான் வம்பு. பொடிசின் நெற்றியைத் தொட்டான், அனலாகக் கொதித்தது.

"மாமா மாடிக்குப் போயிட்டு அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன். எழுந்து ஆடக் கூடாது."

"ஏணி தாங்குமா மாமா?" என்றாள் பொடிசு, கண்ணைத் திறக்காமலே. காய்ச்சலிலும் மாமாவின் தொப்பையைக் கிண்டலடிக்கிற வாய் மட்டும் குறைச்சலில்லை.

மொட்டைமாடியில் தரை தோசைக்கல்லாகக் காய்ந்தது. அவுட்டோர் பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று. திரும்ப எண்ணினான். வீட்டில் ஏசி இரண்டுதான், ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று. ஹால் மெஷின் சும்மா நின்றது. படுக்கையறை மெஷின் ஸ்டார்ட் ஆகப் பார்த்து, உர்ரென்று முனகி, கரண்ட் போதாமல் நின்று, மறுபடி முனகியது. மூன்றாவது மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. பெயிண்ட் உரிந்த கிழட்டுப் பெட்டி. எத்தனை வருஷமாக ஓடுகிறதோ, அடியில் கம்பிக்கால்கள் சிமென்ட்டைத் தேய்த்துக் குழி பண்ணியிருந்தன. அந்த வெயிலிலும் அதன் செம்புக் குழாயில் வெள்ளை வெளேரென்று ஐஸ் பிடித்திருந்தது. குழாய் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தான். தளத்தைத் துளைத்துக்கொண்டு நேராகக் கீழே இறங்கியது. கீழே இருப்பது படுக்கையறை. இல்லை, படுக்கையறைச் சுவர்.

இறங்கிவந்து காலடியால் அளந்தான். வெளியே வீட்டின் நீளம் முப்பத்தாறு அடி. உள்ளே படுக்கையறையும் சமையலறையும் சேர்ந்து முப்பத்தொன்று. சுவர்க் கனத்தைக் கழித்தாலும் நாலடி உதைத்தது. நாலடி அகலத்துக்கு நடுவில் ஏதோ ஒரு இடம். கதவில்லை, ஜன்னலில்லை, ஏசி மட்டும் இருக்கிறது.

யாரோ பழைய ஸ்டோர் ரூமை அடைத்துக் கட்டும்போது உள்ளே இருந்த மெஷினை நிறுத்தாமலே கட்டிவிட்டார்கள் போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். இப்படி எத்தனை கோமாளித்தனம் பார்த்தாச்சு! கரண்டை எல்லாம் இந்தக் கிழடு உறிஞ்சுகிறது, பிள்ளை ரூமுக்கு மிச்சம் வரவில்லை. அவ்வளவுதான் கோளாறு.

சுவிட்ச் பெட்டி ஹாலில், படுக்கையறைக் கதவை ஒட்டி இருந்தது. மூன்றாவது சுவிட்சுக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அவன் கை நின்றது. அவர்கள் தொழிலில் அது ஒரு எழுதாத சட்டம்: லைனில் ஆள் வேலை செய்யும்போது சுவிட்சை அணைத்து மேலே டேப் ஒட்டுவார்கள், ஒட்டியவன்தான் உரிக்கணும். மீறி உரித்துப் போட்டால் இன்னொருத்தன் கரண்டில் கருகுவான். ஆனால் இந்த டேப் அணைத்த சுவிட்சின்மேல் இல்லை. போட்ட சுவிட்சின்மேல் ஒட்டியிருந்தது. அணையவே கூடாது என்று, ஒன்றின்மேல் ஒன்றாக ஏழெட்டுச் சுற்று.

ஒரு நிமிஷம் யோசித்தான். உள்ளே பொடிசு இருமினாள். சட்டமாவது மண்ணாவது என்று டேப்பைக் கிழித்துச் சுவிட்சைக் கீழே தள்ளி அணைத்தான்.

மாடியில் கிழட்டுப் பெட்டியின் இரைச்சல் அடங்கியது. அடங்கின பிறகுதான் இவ்வளவு நேரமாக அது வீடு முழுக்க இருந்தது அவனுக்கு உறைத்தது. கொஞ்ச நேரத்தில் படுக்கையறை மெஷின் ஜம்மென்று பிடித்துக்கொண்டது. கையை நீட்டினான். நல்ல குளிர்! பொடிசுக்குப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். "எப்படி நம்ம வேலை?" என்று சிரித்தான். அக்காவுக்கு போன் பண்ணி, "ரூம் ஐஸா இருக்கு, கவலப்படாம வா," என்றான். மனசு லேசாகி, கால் நீட்டித் தரையில் உட்கார்ந்தான்.

கால்மணி நேரம் கழித்து அந்தச் சத்தம் கேட்டது. சொட்டு. அறைக்குள் மாட்டியிருந்த இண்டோர் மெஷினில் தண்ணீர் ஒழுகுகிறதோ என்று எழுந்து தடவிப் பார்த்தான், காய்ந்திருந்தது. சொட்டு, சொட்டு. சுவருக்குள்ளிருந்து. வருஷக்கணக்காக உறைந்துகிடந்தது இளகி, எதிலிருந்தோ எதன்மேலோ விழுந்தது. மெத்தென்ற எதன்மேலோ. சுவரின் வியர்வை காய்ந்துபோய், ஓரத்திலிருந்து ஒரு வாடை கிளம்பியது, ஈரத் தலைமுடியைத் துவட்டாமல் நாள்கணக்காக முடிந்துவைத்த வாடை. ஐஸ் உருகினால் தண்ணி சொட்டாமல் என்ன செய்யும் என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டான்.

டொக், டொக் என்று மெல்லத் தட்டுகிற சத்தம். பார்த்தால் பொடிசு ஒருக்களித்துப் படுத்து ஆள்காட்டி விரலால் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று அவனுக்கு உயிர் வந்தது.

"கழுத, நீதானா?"

"நான் ரெண்டு தட்டினா அதுவும் ரெண்டு தட்டுது மாமா."

அவள் தட்டினாள். டொக், டொக்.

சுவர் தட்டியது. டொக், டொக்.

எதிரொலி. எதிரொலிதான். காலியான இடம், எதிரொலிக்கத்தானே செய்யும். பொடிசுக்கு இருமல் வந்தது. வறட்டு இருமல், நாலு, கடைசியில் ஒரு சின்ன இழுப்பு. முடிந்தது. அறை அமைதியானது.

சுவர் இருமியது. நாலு. கடைசியில் ஒரு சின்ன இழுப்பு.

அப்போது பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்க வேண்டும். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் பதினாலு வருஷத்துத் தொழில் புத்தி அவனைக் கெடுத்தது. கைவைத்த இடத்தில் கோளாறு பெரிசானால் கடைசியாகத் தொட்டதைப் பழையபடி வை, இதுதான் எந்த மெக்கானிக்கும் முதலில் கற்கிற பாடம். கால் கட்டிலுக்குப் போகவில்லை. சுவிட்ச் பெட்டிக்கு ஓடியது.

மேலே தள்ளினான். மாடியில் சத்தமே இல்லை. பாவி, மறந்துவிட்டான்: அணைத்த ஏசி உடனே ஓடாது, மூன்று நிமிஷம் ஆகும். தினமும் பத்து வீட்டில், "மூணு நிமிஷம் பொறுங்கம்மா," என்று சொல்கிறவன் அவன்தான்.

பின்னால் படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது. குளிர் வெளியே போகாமல் இருக்கத் தானாக மூடும் கதவு. தள்ளித் திறந்தான்.

கட்டிலில் பொடிசு இல்லை.

கட்டிலுக்கு அடியில் இல்லை. பீரோவில் இல்லை. ஜன்னல் கம்பி அப்படியே இருந்தது. கதவை விட்டு அவன் மூன்று எட்டுக்கூடப் போகவில்லை. அவனைத் தாண்டி யாரும் வெளியே வரவில்லை. போர்வையின் ஒரு நுனி கட்டில்மேல் கிடந்தது. மறுநுனியைத் தேடினான். அது சுவருக்குள் போயிருந்தது. பூச்சில் கீறல் இல்லை, விரிசல் இல்லை. துணி நேராகச் சிமென்ட்டுக்குள் போயிருந்தது.

"பொடிசு!"

போர்வையைப் பிடித்து இழுத்தான். மறுபக்கமும் இழுத்தது, அதே பலத்தோடு.

சுத்தியலை எடுத்து அடித்தான். பூச்சு உதிர்ந்தது. செங்கல் தெரிந்தது. இங்கே ஓர் அடி. உள்ளே ஓர் அடி. இங்கே ஓர் அடி. உள்ளே ஓர் அடி. சுத்தியல் கைநழுவி விழுந்தது. உள்ளேயும் ஏதோ விழுந்தது.

மாடியில் டப்பென்று சத்தம். கிழட்டு மெஷின் ஓடத் தொடங்கியது. சொட்டுவது குறைந்தது. நின்றது. சுவரில் மறுபடி முத்து முத்தாக வியர்வை. அவன் கையிலிருந்த போர்வை மொடமொடவென்று விறைத்தது.

"மாமா." சுவருக்குள்ளிருந்து பொடிசின் குரல். "மாமா, குளிருது."

கதவிடுக்கில் டூல் பெட்டியை முட்டுக்கொடுத்துவிட்டு ஹாலுக்கு ஓடினான். அணைத்தான். உள்ளே சொட்டத் தொடங்கியது. ஈர வாடை அடித்தது. தரையில் எதுவோ தன்னை இழுத்துக்கொண்டு வருகிற சத்தம், கனமாக, நிதானமாக. பொடிசு அலறினாள். "மாமா, கிட்ட வருது! மாமா!" போட்டான். மூன்று நிமிஷம். நூற்றெண்பது வரை எண்ணினான், எண்ணி முடிக்கும்வரை அவள் அழுதுகொண்டே இருந்தாள். மெஷின் ஓடியது. இழுபடும் சத்தம் உறைந்து நின்றது. அவள் பல் தந்தியடிக்கிற சத்தம் சுவர் வழியாகவே கேட்டது. எவ்வளவு நேரம் தாங்குவாள்? காய்ச்சல் உடம்பு. மெல்லிசாக ஒரு ஃப்ராக்.

போட்டால் விறைத்துப்போவாள். அணைத்தால் அது வந்துவிடும். வலதுகை ஆள்காட்டி விரல் சுவிட்சின்மேல் இருந்தது, தன் விரல் போலவே இல்லை. "ஐயோ, என் தங்கமே," என்று வாய்விட்டு அழுதான்.

"மாமா, ஆஃப் பண்ணுங்க. குளிருது."

"இதோ... இதோடா கண்ணு..."

"மாமா, ஆஃப் பண்ணுங்க. குளிருது."

விரல் நின்றது. முதல் குரல் கட்டில் உயரத்திலிருந்து வந்தது. இரண்டாவது தரையோரத்திலிருந்து. இரண்டும் பொடிசின் குரல். இரண்டிலும் அதே நடுக்கம், கடைசியில் அதே சின்ன இழுப்பு.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பூட்டில் சாவி திரும்பியது.

"என்னடா, தூங்கிட்டாளா?" என்றபடி அக்கா உள்ளே வந்தாள்.

"அம்மா," என்றது சுவர்.

"அம்மா," என்றது சுவர்.