ஒரே சீரான துடிப்பு

மானிட்டரின் சத்தம் ஒரே சீராக இருந்தது. கலைச்செல்விக்கு அதுதான் பிடிக்கவில்லை.

நல்ல இதயம் கடிகாரம் மாதிரி அடிக்காது. மூச்சு உள்ளே போனால் கொஞ்சம் ஓடும், வெளியே வந்தால் கொஞ்சம் நடக்கும். அந்த ஏற்ற இறக்கத்தை மானிட்டரின் மூலையில் ஓர் எண் காட்டும். மயக்க மருந்து ஏறினால் எண் இறங்கும். செம்பூரில் அந்தச் சின்ன நர்சிங் ஹோமில் ஒன்பது வருடமாக அனஸ்தீசியா டெக்னீசியனாக நிற்பவளுக்கு இது தெரியாததல்ல. ஆனால் இன்று எண் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. மேஜையில் கிடப்பது அவளுடைய தம்பி முகேஷ்.

"மேடம், ஜீரோ காட்டுது."

"மருந்து நல்லா இறங்கியிருக்கு பிள்ள. மத்ததெல்லாம் சரியாத்தான இருக்கு," என்றார் மயக்க டாக்டர் ரஷீதா.

பித்தப்பைக் கல்தான். அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று முகேஷ் காலையில்கூடக் கெஞ்சினான். "எனக்கு ஒரு மாதிரி இருக்குக்கா." "சும்மா கிட. நான் கூடவே நிக்கேம்லா," என்று இவள்தான் அதட்டிப் படுக்க வைத்தாள். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. தாராவியில் ஒற்றை அறையில் அவனை வளர்த்ததும் அவள்தான், அதட்டியதும் அவள்தான். இப்போது அது நெஞ்சைக் கரித்தது.

வெளியே மழை ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விடாமல் இரைந்துகொண்டிருக்க, ஸ்பிரிட் வாடைக்கும் கருகிய சதை வாடைக்கும் நடுவில், வென்டிலேட்டர் அவனுக்குள் காற்றை ஊதி ஊதி எடுப்பதைப் பார்த்தபடி அவள் பெருமூச்சு விட்டாள். மானிட்டரின் சத்தம் தயங்கியது. அவள் மூச்சை இழுத்தாள். சத்தம் ஓடியது.

வென்டிலேட்டர் தன் கணக்கில் ஊதிக்கொண்டிருந்தது. முகேஷின் இதயம் அதைக் கேட்கவில்லை.

மூச்சை அடக்கிப் பார்த்தாள். உடனே அதே சீரான சத்தம். பூஜ்யம். விட்டாள். எண் ஏறியது.

பயந்தாள். ஆனால் பயத்தைவிடப் பெரிதாக ஒரு சந்தோஷமும் வந்தது. இத்தனை வருடம் சோறு கொடுத்தவள் மூச்சும் கொடுத்தால் என்ன? ஒரு மணி நேரம், கண்ணில் நீர் வழிய, அவனுக்காக அளந்து அளந்து மூச்சு விட்டாள். இருவரையும் கட்டிய கயிற்றுக்கு இரண்டு முனை உண்டு என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆபரேஷன் முடிந்தது. தொண்டையிலிருந்த குழாயை எடுத்தார்கள். பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார்கள். முகேஷ் தானாகவே மூச்சு விட்டான். அவன் நெஞ்சு ஏறும்போது அவள் நெஞ்சும் ஏறியது.

அவன் கண் திறந்தான். வலியில் முகம் கோணியது.

"யக்கா..." இருமல் வந்தது. மூச்சு தடைப்பட்டது.

அவளுக்கும் தடைப்பட்டது. இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. அவன் இருமி முடித்துக் காற்றை இழுத்த பிறகுதான் அவளுக்குக் காற்று கிடைத்தது.

ரஷீதா சிரிஞ்சோடு வந்தார். "வலிக்கி ஒரு ஊசி போடுதேன். உறங்கட்டும்."

அந்த ஊசி மூச்சை மெதுவாக்கும். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சொல்ல மூச்சு வேண்டும். முகேஷ் அப்போது வலியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மருந்து இறங்கியது.

அவன் மூச்சு நீண்டது. இடைவெளியும் நீண்டது. கட்டில் கம்பியைப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள். ஒன்று. வெகுநேரம். இன்னொன்று. கண் இருட்டியது. கையை உயர்த்தப் பார்த்தாள். அது கம்பியிலேயே இருந்தது.

"அசந்து உறங்குதான்," என்றார் ரஷீதா, கேஸ் பேப்பரில் எழுதியபடி, திரும்பிப் பார்க்காமல். "நீயும் செத்த நேரம் உக்காரு பிள்ள. காலைலேர்ந்து நிக்க."

முகேஷின் கண்கள் பாதி திறந்திருந்தன. அக்காவையே பார்த்தன. ஒரு துளி நீர் காதுப்பக்கம் இறங்கியது. அவன் நெஞ்சு தாழ்ந்தது. அவள் நெஞ்சும் தாழ்ந்தது.

இரண்டும் அப்படியே இருந்தன.