வேட்டைச் சீலை

வெள்ளிமலைக்குப் போகும் கடைசி வளைவிலேயே மழை பிடித்துக்கொண்டது. கவியரசனின் மினி வேன் முக்கி முனகி ஏறி, பழைய வேட்டை பங்களாவின் வாசலில் நின்றது. மத்தியானம்தான், ஆனால் மலை மேல் பொழுது சாய்ந்த மாதிரி இருட்டிக் கிடந்தது.

அவன் மனைவி செந்தமிழ்ச்செல்வி தையல் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கிழிந்த பட்டுப் புடவையைக் கிழிந்த இடம் தெரியாமல் இழை ஓட்டித் தருபவள். பேர் நீளம் என்று கள்ளக்குறிச்சியே அவளைச் செல்வி என்றது. பங்களாவை வாங்கி விடுதியாக்கிக்கொண்டிருந்த திருநாவலூர் ராஜாங்கம், கூடத்துச் சுவரை மறைத்துத் தொங்கிய, படம் நெய்த சீலையைச் சரிசெய்ய அவளை வரவழைத்திருந்தார்.

"பிரான்சுக்காரன் கப்பல்ல பாண்டிச்சேரிக்குக் கொண்டாந்ததும்மா. ஐந்நூறு வருசத்துக்கு முந்தி நெய்ஞ்சது," என்றார், தானே தறியில் உட்கார்ந்த மாதிரி.

கம்பளியும் பட்டும் கலந்து நெய்த பெரிய காடு. ஈட்டியோடு வேட்டைக்காரர்கள், முன்னால் நாய்க்கூட்டம். நாய்களின் வாய் நுரையைக்கூட நெய்திருந்தார்கள். வேட்டையாடப்படும் மிருகத்தை மட்டும் காணோம். நாய்கள் எல்லாம் வெறும் புல்லைப் பார்த்துப் பாய்ந்துகொண்டிருந்தன.

"பன்னியும் இல்ல, மானும் இல்ல. இன்னாத்த தொரத்திக்கினு போவுது?" கவியரசன் சிரித்தான்.

செல்வி சீலைக்கும் சுவருக்கும் நடுவே புகுந்துகொண்டாள். நெய்தவர்கள் பின்பக்கமாக உட்கார்ந்து நெய்திருக்கிறார்கள். நூல் முனைகள் எல்லாம் இங்கே தொங்கின. வெயில் படாததால் நிறமும் இங்கேதான் உயிரோடு இருந்தது. முன்னால் வெளுத்துப்போயிருந்த நாய் நாக்குகள் இங்கே புது ரத்தமாகச் சிவந்திருந்தன. ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இந்த நெசவில் பிளவு விழும்; அதை அப்புறம் ஊசியால் மூடுவார்கள். எல்லாப் பிளவையும் பொடித் தையலாக மூடியிருந்தார்கள். நாய்களுக்கும் புல்லுக்கும் நடுவே, மேலிருந்து கீழ்வரை ஓடிய பிளவில் மட்டும் தையல் கறுப்பாக, தாறுமாறாக இருந்தது.

தொட்டுப் பார்த்தாள்.

தலைமுடி.

"அந்தக் கறுப்புத் தையல் இங்கயும் தெரியுது. அசிங்கமா இருக்குதில்ல? பிரிச்சிட்டு நைசா தெச்சுக் குடும்மா," என்றார் ராஜாங்கம் முன்பக்கமிருந்து.

பழைய தையலைப் பிரிக்காமல் அதன் மேல் புதுத் தையல் போடுவது செல்விக்கு ஆகவே ஆகாது. கத்தரி முனையை விட்டு ஒவ்வொன்றாக அறுத்தாள். கடைசி முடிச்சு அறுந்ததும் பிளவு தானாகத் திறந்தது. நனைந்த நாயின் நாற்றம் முகத்தில் அடித்தது.

"இன்னாங்க, தெரு நாய் எதுனா உள்ள வந்துடுச்சா?"

முன்பக்கம் ஏதோ உறுமியது.

ராஜாங்கம் அலறினார். பாதி அலறலிலேயே தொண்டை போய்விட்டது.

பிளவு வழியாகப் பார்த்தாள். வெளுத்த நாய்கள் அவரைத் தரையில் போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தன. ஒன்று தலையை உதறியது. அவர் கை தோளோடு கழன்று வந்தது. கவியரசன் மூலையில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து ஒரு நாயின் மண்டையைப் பிளந்தான். ரத்தம் வரவில்லை.

நூல் பிரிந்து தொங்கியது.

"வெளிய வராத செல்வி! அங்கியே இரு!"

இன்னொன்று அவன் தொடையைக் கவ்வியது. சதை கிழியும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

அந்த முடித் தையல் எதற்கு என்று இப்போது புரிந்தது. இவ்வளவு காலம் அடைத்து வைத்திருந்ததை என் கையாலேயே அவிழ்த்துவிட்டேனே! தலையிலிருந்து முடியைக் கொத்தாகப் பிடுங்கினாள். ஊசியில் கோத்தாள். கீழிருந்து தைக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு தையலுக்கும் ஒரு நாய் பின்னால் இழுபட்டது. தரையில் நகம் கீறுவது கேட்டது. பிளவு மூட மூட அவளுக்கு முன்பக்கம் தெரியாமல் போனது.

"செல்வி... கால வுடமாட்டுது..." குரல் மிகப் பக்கத்தில் வந்தது.

"இதோ ஆயிடுச்சுங்க, இதோ!"

முடிச்சை இறுக்கினாள்.

சத்தம் நின்றது.

வெளியே ஓடிவந்தாள். ராஜாங்கம் துண்டு துண்டாகக் கிடந்தார். கம்பி கிடந்தது. அங்கிருந்து சீலையின் அடிவரைக்கும் ரத்தம் இழுபட்டிருந்தது. கவியரசன் இல்லை.

நிமிர்ந்து பார்த்தாள். வெறும் புல் இருந்த இடத்தில் இப்போது ஓர் இரை இருந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. தொடையில் தொங்கும் நாய். அவளை நோக்கித் திறந்த வாய்.

செல்வி ஓலமிட்டாள். தானே அவனை உள்ளே வைத்துத் தைத்துவிட்டாள். பிரித்தால் அவன் வருவான். அவையும் வரும். எது வந்தாலும் வரட்டும் என்று கத்தரியோடு பின்பக்கம் பாய்ந்தாள்.

அவள் கை வைக்கும் முன்பே முடிச்சு அசைந்தது. அந்தப் பக்கமிருந்து ஏதோ அதைக் கடித்துக்கொண்டிருந்தது.

நாயின் பல்லா, அவன் பல்லா என்று பின்பக்கமிருந்து தெரியவில்லை.