பேசுபவர் நலமாக உள்ளார்

கெம்பி காலையில் குடிக்கும் ராகிக் கஞ்சியை முதலில் சுரங்க நிறுவனம்தான் ருசி பார்க்கும்.

நிறுவனம் என்றால் அது அனுப்பிய காவல் இயந்திரம். நாலு கால், இரண்டு கை, வெள்ளி நிறம். விரல் நுனியைக் கஞ்சியில் தோய்த்து, "விஷம் இல்லை. சூடு சற்று அதிகம்" என்று அறிவித்துவிட்டு ஒதுங்கி நிற்கும். கெம்பி வெயிலில் இறங்கினால் குடை பிடிக்கும். ஓடையைக் கடக்கப் போனால் முன்னால் இறங்கி ஆழம் பார்க்கும். தேனெடுக்கப் பாறை ஏறினால் கீழே வலையை விரித்துக்கொண்டு அண்ணாந்து நிற்கும்.

"எந்த மருமகன் மாமியாரை இப்படித் தாங்குறான்?" என்று ஊர் கேலி பேசியது. அன்றிலிருந்து அதன் பெயர் மருமகன்.

கொம்பேறி மலையை வெடிவைத்து உடைக்கத் துடிக்கும் நிறுவனத்துக்கு, அதைத் தடுக்க நிற்கும் ஒருத்தியின் மேல் ஏன் இத்தனை கரிசனம்? விடை, கெம்பியின் இடது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருந்தது. அரிசி அளவில் ஒரு கருவி. பெயர் சாட்சிமணி.

அது வந்த கதை துயரமானது. மலைக்குடிகளின் நிலத்துக்காகப் பேசியவர்கள் அப்போது ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கிணற்றில் கிடந்தார். இன்னொருவரை யாரோ சுட்டார்கள். கெம்பியின் அண்ணன் பெள்ளன், நில அளவைக்கு நீதிமன்றத்தில் தடை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, மலைப்பாதையில் லாரி ஒன்று எதிர்ப்பக்கமாக ஏறிவந்து அவனை அடித்தது. விபத்து என்றது நிறுவனம். அப்படியே எழுதிக்கொண்டது காவல்துறை. செத்தவர்களின் குடும்பங்கள் தலைநகரத்துச் சாலையில் உட்கார்ந்து நீதி கேட்டன. நெடுநாள் கழித்து அரசு மனமிரங்கி, நீதிக்குப் பதிலாக ஒரு தொழில்நுட்பத்தைக் கொடுத்தது.

தொழில்நுட்பம் என்னவோ அழகானதுதான். நாம் பேசும்போது நம் மண்டையோடும் சேர்ந்து அதிர்கிறது அல்லவா? சாட்சிமணி அந்த அதிர்வைக் கேட்டுப் பதிந்துகொள்ளும். அதற்குப் பேட்டரி கிடையாது. ஒவ்வொரு நாடித்துடிப்பும் உள்ளேயிருக்கும் மெல்லிய இழையை அழுத்த, அதிலிருந்து ஒரு சொட்டு மின்சாரம் பிறக்கும். அந்தத் துடிப்பே ஒரு கதவையும் சாத்திப் பிடித்திருக்கும். துடிப்பு நின்றால் கதவு திறக்கும். பேசிய பேச்சு முழுக்கச் செயற்கைக்கோளுக்குப் பறந்துவிடும். நாட்டிலுள்ள எல்லாப் பொதுத்திரைகளும் அதை ஒலிபரப்பியாக வேண்டும். விசாரணை முடியும்வரை அந்த மண்ணில் ஒரு கல்லைக்கூட யாரும் அசைக்கக் கூடாது. சட்டம் அப்படி.

ஆகவே கெம்பி செத்தால் நிறுவனத்துக்குப் பேரிழப்பு. உயிரோடு இருந்து பேசினாலோ ஒரு நஷ்டமும் இல்லை. இருபது வருடமாகப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அதிகாரிகள் தலையாட்டிக்கொண்டே டீ குடித்தார்கள்.

கெம்பி லேசுப்பட்டவள் அல்ல. விரிசல் விட்ட பள்ளிக்கூடக் கூரையின் கீழ் போய்த் தினமும் உட்கார்ந்தாள். நிறுவனம் புதுக் கூரை போட்டது. வெள்ளத்தில் ஓடை கடந்தாள், பாலம் வந்தது. கூட்டத்தில் இரண்டு முறை இருமினாள். மலைக்கு ஒரு டாக்டர் வந்து சேர்ந்தார். ஆனால் வெடி வைக்கும் இடத்தில் போய் உட்கார்ந்தபோது மட்டும், நாலு மருமகன்கள் நாற்காலியோடு பூப்போலத் தூக்கிப் பத்திரமான தூரத்தில் இறக்கிவைத்தார்கள். தை பிறந்ததும் மலையுச்சியில் முதல் வெடி என்று தேதியும் குறித்தாகிவிட்டது.

மார்கழியில் சாட்சிமணியைச் சோதிக்க இன்மொழி வந்தாள். அரசுப் பொறியாளர். கருவியைப் பற்றி யாராவது கேட்டால் சாப்பாட்டை மறந்து விளக்குகிறவள்.

"சோதனைன்னா என்ன பண்ணுவே, கண்ணு?"

"கதவைக் கொஞ்சமா திறந்து பார்ப்பேன்க்கா. உங்க பேச்சு எனக்குக் கேக்கும். அப்புறம் சாத்திடுவேன்."

"அப்ப நான் சாகாமலே திறக்கும்?"

"திறக்குமே."

"பின்னே எதுக்கு நான் சாகற வரைக்கும் காத்திருக்கீங்க?"

கருவி செய்தவர்களில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. இன்மொழி சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தாள். இறந்தால் ஒலிபரப்ப வேண்டும் என்றிருந்தது. இருக்கும்போது ஒலிபரப்பக் கூடாது என்று எங்கேயும் இல்லை.

அதற்கு அனுமதி கேட்டு இருவரும் நீதிமன்றம் போனார்கள். நீதிபதி நிறுவனத்தின் வழக்கறிஞரைப் பார்த்தார். "ஆட்சேபணை உண்டா?"

"துளியும் இல்லை" என்றார் அவர். உட்காரும்போது பக்கத்திலிருந்தவரிடம், "உயிரோட இருக்கறவங்க பேச்சை எவன் கேக்கப் போறான்?" என்று சிரித்தார்.

ஒலிபரப்பு தொடங்கியது. பேருந்து நிலையம், சந்தை, ரயில்நிலையம் எங்கும் கறுப்புத் திரையில் கெம்பியின் குரல். மலையில் எந்த ஊற்று எங்கே பிறக்கிறது, பாறை உடைந்தால் கீழே எந்த ஊர்க் கிணறு வற்றும், பெள்ளனைக் கொன்ற லாரியை அனுப்பியது யார். இருபது வருடப் பேச்சு. திரையின் அடியில் நீதிமன்ற உத்தரவுப்படி ஒரு வரி ஓடியது: 'பேசுபவர் நலமாக உள்ளார்.'

அந்த வரியை யாரும் படிக்கவில்லை. திரையில் சாட்சிமணி ஒலித்தால் ஆள் போய்விட்டார் என்பது நாடறிந்த வழக்கம். கடைகள் அடைபட்டன. கல்லூரிகள் தெருவுக்கு வந்தன. 'நானே கெம்பி' என்று எழுதிய சட்டைகள் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்தன.

நிறுவனம் பதறிப்போய், கெம்பி உயிருடன் இருக்கிறார் என்று அறிவித்தது. "பெள்ளனையும் விபத்துன்னுதானே சொன்னீங்க?" என்று நாடு காறித் துப்பியது. அவள் கஞ்சி குடிக்கும் படத்தை வெளியிட்டார்கள். மருமகன் எடுத்த அசல் படம். போலி என்று சின்னக் குழந்தைகூடச் சொன்னது.

மேலாளர் மலைக்குத் தொலைபேசினார். "அம்மா, தயவுசெஞ்சு நீங்களே ஒரு வார்த்தை பேசுங்கம்மா."

"இருபது வருசமா அதைத்தானே சாமி பண்ணிட்டிருக்கேன்? இப்பவும் பாருங்க, ஊரெல்லாம் பேசிட்டிருக்கேன்."

சொன்னாளே தவிர, பொய்யாகச் செத்துக் கிடக்க அவளுக்கு மனசில்லை. நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று, இரங்கல் கூட்டம் நடந்த நகரத்து மைதானத்துக்கு இன்மொழியையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு இறங்கினாள்.

வாசலில் தொண்டன் ஒருவன் மறித்தான். "யாரும்மா நீங்க?"

"நான்தான் கெம்பி."

"எல்லாரும் கெம்பிதான்மா. வரிசையில போங்க." ஒரு சட்டையை நீட்டினான்.

உள்ளே எள் விழ இடமில்லை. மேடையில் அமைச்சர் நா தழுதழுக்க, சுரங்க உரிமம் ரத்து என்று கையெழுத்திட்டார். பெள்ளன் கொலை வழக்கு மறுபடி திறக்கப்படும், லாரியை அனுப்பியவர்கள் இன்றே கைது என்றும் அறிவித்தார். மைதானம் அதிர்ந்தது. கெம்பி மருமகனின் இரும்புக் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் போன நாளுக்குப் பிறகு முதன்முறையாக, குலுங்கிக் குலுங்கி அழுதாள். பிறகு சிரித்தாள்.

"நாடித்துடிப்பு சற்று அதிகம்" என்றது மருமகன்.

"இருக்கட்டும்டா."

பெரிய திரையில் அவள் குரல் மறுபடி தொடங்கியது. பக்கத்தில் நின்ற பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எப்படிப் பேசுறாங்க பாருங்க. இருக்கும்போதே கேட்டிருக்கணும்."

கெம்பிக்கு மனசு இளகிவிட்டது. அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டுச் சொன்னாள். "அழாதே தாயீ. நான் இருக்கேன். இப்பக் கேளேன், அந்த ஊத்தைப் பத்தி இன்னொண்ணு சொல்றேன்..."

"ஷ்" என்றாள் அந்தப் பெண், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "சும்மா இருங்கம்மா. கெம்பி பேசுறாங்கல்ல."