யார் முதலில் அசைவது?

சீனாவின் தியான்ஜின் நகரத்தில், ஆசான் பெய் வீட்டு முற்றத்தில் காலையிலிருந்தே கூட்டம். மதில் மேல்கூட ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவே இரண்டு பேர். ஒருவர் ஆசான் பெய், ரூலானின் அப்பா. மற்றவர் வெளியூரிலிருந்து போட்டிக்கு வந்த ஆசான் ஷாங். இருவரும் வலது முன்கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள். தோற்றவர் தன் தற்காப்புக் கலைப் பள்ளியின் பெயர்ப் பலகையைக் கழற்றிவிட வேண்டும்.

அப்பா தோற்றால் பள்ளியை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போக வேண்டியதுதான். ரூலான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

ஆனால் சண்டை தொடங்கவே இல்லை!

"ஏன் அண்ணே சும்மாவே நிக்கிறாங்க?" என்று அப்பாவின் சீடன் பாங்கிடம் கேட்டாள்.

"நம்ம கலை அப்படி. எதிராளி அசைஞ்சாத்தான் நாம அசையணும். முந்திக்கிட்டவன் கதை முடிஞ்சுது."

"ரெண்டு பேருக்கும் அதே கலையா?"

"ஆமா."

"அப்போ இது எப்பதான் முடியும்?"



வெயில் ஏறியது. ஓர் ஈ ஷாங்கின் மூக்கில் ஏறி, சாவகாசமாக நடந்து, மறுபக்கம் இறங்கியது. அவர் இமைக்கவில்லை. அப்பாவின் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது.

"பசிக்குதா பெய் ஆசானே? அசைஞ்சிடுங்களேன்" என்றார் ஷாங்.

"நீங்க மூக்கைச் சொறிஞ்சுக்குங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றார் அப்பா.

"சண்டையைப் பார்க்க வந்தோமா, சிலையைப் பார்க்க வந்தோமா?" என்று மதில் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

ரூலான் உற்றுப் பார்த்தாள். அப்பாவின் முழங்கால் நடுங்கியது. ஷாங்கின் முழங்காலும்தான். இருவருக்கும் விட்டுவிட ஆசை. விட்டால் மானம் போய்விடுமே!

அவள் சமையலறைக்கு ஓடினாள். தளும்பத் தளும்ப இரண்டு கிண்ணம் தேநீரைத் தட்டில் வைத்து எடுத்து வந்தாள்.

"வீட்டுக்கு வந்தவங்களுக்கு இன்னும் தேநீரே தரலையே. எடுத்துக்குங்க மாமா."

"கை காலியா இல்லையே பாப்பா!"

"பரவாயில்லை, இங்கேயே வைக்கிறேன்."

ஒட்டியிருந்த இரண்டு கைகளின்மேல் தட்டை மெல்ல வைத்துவிட்டு விலகினாள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ஏய், என்ன பண்றே?" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

"ஒருத்தர் மட்டும் அசைஞ்சா கொட்டிடும்பா. சேர்ந்து அசைஞ்சா கொட்டாது." சொல்லிக்கொண்டே ஒரு முக்காலியைத் தட்டுக்கு நேர் கீழே நகர்த்தினாள்.

ஆசான்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு கைகள் இறங்கின. இவர் கை இறங்குவது அவர் கைக்குத் தெரிந்தது. அவர் கை இறங்குவது இவர் கைக்குத் தெரிந்தது. தட்டு முக்காலியைத் தொட்டது. ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"யாருங்க முதல்ல அசைஞ்சது?" என்று கத்தினார் மதில்காரர்.

யாருக்கும் தெரியவில்லை. ஆசான்களுக்கே தெரியவில்லை.

"அப்போ பலகை?" என்றான் பாங்.

"அவரவர் பலகை அவரவர் வாசல்லயே இருக்கட்டும்" என்ற ஷாங், தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். "ஏம்மா, வெறும் தேநீர்தானா? சாப்பாடு கிடையாதா?"

"நூடுல்ஸ் சுடச்சுட இருக்கு மாமா. ரெண்டு பேரும் கை கழுவிட்டு வாங்க."

இந்த முறை இருவருமே காத்திருக்கவில்லை. முண்டியடித்துக்கொண்டு ஓடினார்கள்.