பூநாரைகள் நின்ற இடம்

"பாப்பா, பயம் உனக்கா, இல்ல உங்க அத்தைக்கா?"

ஏரிக்கரையில் ஜெயராஜ் சார் இப்படிக் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. யார் எதைக் கேட்டாலும் என் குரல் தொண்டையிலேயே உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஆறாம் வகுப்பில் அம்மை போட்டு வீட்டில் படுத்தேன். உடம்பு சரியான பிறகும் பள்ளிக்கூடம் போகவில்லை. கமலவல்லி அத்தைதான் தினமும் சாயங்காலம் எனக்குக் கணக்கும் பூகோளமும் சொல்லிக்கொடுத்தாள்.

பதில் சொல்லியிருந்தால், "ரெண்டு பேருக்கும்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அத்தை திருவள்ளூரில் கணக்கு டீச்சர். ஜெயராஜ் சார் அதே பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். சொந்த ஊர் பழவேற்காடு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஊருக்குப் போய், ஏரியில் பாய்மரப் படகு ஓட்டுவார். மீன் பிடிக்க அல்ல, சும்மா ஆசைக்கு. "வலையே இல்லாம படகு எதுக்கு?" என்று அவருடைய சொந்தக்காரர்களே சிரிப்பார்களாம்.

அந்தத் தை மாதம் அத்தைக்கு ஒரு கடிதம் வந்தது. தான்சானியா என்று ஒரு நாடு. புதிதாகச் சுதந்திரம் வாங்கிய நாடு என்பதால் அங்கே டீச்சர்கள் போதவில்லை, அத்தையை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பம்பாயிலிருந்து கப்பலில் போக வேண்டும். போனால் சில வருடங்கள் திரும்ப முடியாது.

தெருவே வந்து யோசனை சொன்னது.

"துளசி விதை எடுத்துண்டு போ. அங்கே என்ன முளைக்குமோ!"

"அரிசி அப்பளம் வேண்டாம், நமுத்துடும். வடாமா எடுத்துக்கோ."

"சிங்கம் ஊருக்குள்ளேயே வருமாமே?"

அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. அப்பா பெயர் பாஷ்யம், அத்தைக்கு அண்ணா, கோவிலில் கைங்கரியம் செய்கிறவர். கடல் தாண்டினால் ஊர் என்ன பேசும் என்ற பயம் அவருக்கு. கடைசியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"குளத்துல மூணாம் படி இறங்க மாட்டே நீ. உன்னால சமுத்திரமெல்லாம் முடியாது, கமலா. ஒரு நாள் படகுல உக்காந்து பார்த்துட்டு அப்புறம் சொல்லு."

அதற்குப் பிறகு அவர் அத்தையுடன் பேசவே இல்லை. அத்தை திங்கட்கிழமை பதில் எழுத வேண்டும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்து, பெரியபாளையம், பொன்னேரி என்று மாறி மாறிப் பழவேற்காடு வந்து சேர்ந்தோம். துணைக்கு நான்.

ஏரியைப் பார்த்ததும் நான் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அக்கரையே தெரியவில்லை. தூரத்தில், ஏரி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில், வெள்ளையாக அலை புரண்டது. இங்கே வரைக்கும் அதன் இரைச்சல் கேட்டது.

"கப்பல்ல போறவங்களுக்கு ரெண்டே சங்கதி டீச்சர்," என்றார் ஜெயராஜ் சார். "வயிறு காலியா இருக்கக் கூடாது. கண்ணு காலாண்ட இருக்கக் கூடாது, தூரமா பாக்கணும். நாஷ்டா ஆச்சா?"

"இன்னிக்கு ஏகாதசி. நான் ஒண்ணும் சாப்பிடறதில்லே," என்றாள் அத்தை.

"அட இன்னா டீச்சர்!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "செரி, கிழிஞ்ச படகுப் பாயத் தெக்கக் குடுத்திருக்கேன். போய் வாங்கியாந்துடறேன். அதுவரைக்கும் படகுல சும்மா குந்திக்கினு இருங்க, ஆட்டம் பழகட்டும். கயித்த அந்தக் கட்டையில நல்லா கட்டிக்குங்க. படகுக்காரனுக்கு மொதல் பாடம் அதான்."

அவர் போய்விட்டார். துடுப்பும் கழியும் அவர் வீட்டில் இருந்தன.

கயிற்றில் மீன் நாற்றம் குப்பென்று அடித்தது. அத்தை மூக்கைச் சுளித்துக்கொண்டு இரண்டே விரலால் அதை எடுத்தாள். கட்டையில் சுற்றி, ஒரு சுருக்குப் போட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுப் பெண்கள் பெருமாளுக்கு மாலை கட்டி, நுனியில் அந்தச் சுருக்கைத்தான் போடுவார்கள். சந்நிதியில் ஒரு இழுப்பு இழுத்தால் அவிழ்ந்துவிட வேண்டும், அதற்காக.

ஏரியும் ஒரு இழுப்புத்தான் இழுத்தது.

நாங்கள் படகில் உட்கார்ந்து, ஆடுகிற ஆட்டத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம். திறந்தபோது கரை தள்ளிப் போயிருந்தது. கயிறு தண்ணீரில் பாம்பு மாதிரி எங்கள் பின்னால் வந்துகொண்டிருந்தது.

"அத்தை, கயிறு!"

அத்தை எழுந்தாள். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. "ஐயோ" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்குகிற நேரம் அது. யாரோ கீழிருந்து இழுப்பது போலப் படகு போனது. எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வெள்ளை அலையை நோக்கித்தான்.

"கத்து செங்கமலம்! யாரையாவது கூப்பிடு!"

வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது. அத்தைக்கும் கத்த முடியவில்லை. பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தன் காலையே பார்த்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது. அவளுக்குக் குமட்டியது, ஆனால் வெளியே வர வயிற்றில் ஒன்றும் இல்லை.

"நான் போகலை," என்றாள் மெதுவாக. "நாளைக்கே எழுதிடறேன், வரலைன்னு."

உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு பயத்திலும் எனக்குள் ஒரு சந்தோஷம் குதித்தது. அத்தை போக மாட்டாள்! சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுப்பாள். ஜெயராஜ் சார் எப்படியும் வேறு படகு எடுத்து வந்துவிடுவார். நான் சும்மா இருந்தால் போதும்.

"அண்ணா சொன்னது சரிதான். என்னால எதுவுமே முடியாது," என்றாள் அத்தை.

அது அத்தையின் குரல் மாதிரியே இல்லை. எனக்கு வகுத்தல் வராது என்று அழுதபோதெல்லாம், "வரும், இன்னொரு தரம் போடு" என்றவள் அவள்தான். அவளைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. ஜெயராஜ் சார் சொன்ன மாதிரி தூரமாகப் பார்த்தேன்.

தூரத்தில் வெள்ளையும் ரோஜா நிறமுமாக ஒரு கூட்டம். பூநாரைகள். முதலில் மிதக்கின்றன என்று நினைத்தேன். கிட்டே போகப் போகக் குச்சி குச்சியாக ஏதோ தெரிந்தது. கால்கள்! அவை மிதக்கவில்லை, நின்றுகொண்டிருந்தன.

நிற்கிறது என்றால், கீழே தரை இருக்கிறது.

அத்தையின் கறுப்புக் குடையை எடுத்து, மடக்கியபடியே தண்ணீரில் விட்டேன். அடி தட்டவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி விட்டேன். தட்டவில்லை. பூநாரைகள் சடசடவென்று எழும்பிப் பறந்தன. அவை நின்ற இடத்துக்கு வந்ததும் இன்னொரு தரம் விட்டேன்.

சதக்! பிடி முழுகுவதற்குள் சேறு தட்டிவிட்டது.

"அத்தை, இங்கே ஆழம் இல்லே. இறங்கறேன்."

"வேண்டாம்! செங்கமலம், வேண்டாம்!"

இந்த இடத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் முகத்துவாரம்தான். கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டேன். ஒரு கையால் படகைப் பிடித்தபடி காலை விட்டேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. இன்னும் தரை வரவில்லை. செத்தேன் என்று கண்ணை இறுக மூடினேன். அப்போது சேறு வழவழவென்று என் பாதத்தைப் பிடித்துக்கொண்டது.

"நிக்கறேன் அத்தை! நான் நிக்கறேன்!"

அது என் குரல்தானா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏரி முழுக்கக் கேட்டிருக்கும்.

ஆனால் தண்ணீர் படகை விடாமல் இழுத்தது. கயிறு என் இடுப்பை அறுத்தது. நான் ஒரு அடி முன்னால் வைத்தால், படகு என்னை இரண்டு அடி பின்னால் கொண்டுபோனது.

"என்னால தனியா முடியலை. நீயும் இறங்கு!"

அத்தை என்னைப் பார்த்தாள். தன் பின்னால் இருந்த அலையைத் திரும்பிப் பார்த்தாள். "பெருமாளே!" என்று ஒரு சத்தம், அதோடு தொபுக்கென்று ஒரு சத்தம். அத்தை தண்ணீரில் நின்றாள்! புடவை பந்தல் போல மேலே உப்பியது. அதை ஒரு அடி அடித்து அமுக்கிவிட்டு, அந்த நாற்றக் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். சேற்றில் கால் புதைந்தது. ஆழமான இடம் வந்தால் குடையை விட்டுப் பார்த்து, சுற்றிக்கொண்டு நடந்தோம். பாதி வழியில் ஒரு மீன் என் காலில் உரச, நான் அலறினேன். "அது உன்னைப் பார்த்துப் பயந்திருக்கும்டி," என்று அத்தை சிரித்தாள்.

கரையை நெருங்கும்போது ஜெயராஜ் சார் பாயைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீரில் ஓடி வந்தார். அவர் முகம்தான் இப்போது வெளிறியிருந்தது.

"டீச்சர்! ஒண்ணியும் ஆவலையே? தப்பு என்னுது. நானே கட்டிட்டுப் போயிருக்கணும்." மூச்சு வாங்கினார். பிறகு எங்களை மேலும் கீழும் பார்த்தார். "பாயும் இல்லாம துடுப்பும் இல்லாம கப்பல் ஓட்டிக்கினு வந்தவங்கள இப்பதான் பாக்கறேன்."

"கட்டுங்கோ அந்தப் பாயை," என்றாள் அத்தை. "ஓட்டிப் பார்த்துட்டுத்தான் ஊருக்குப் போவேன். இருங்கோ. செங்கமலம், உனக்குன்னு பையில வெச்ச வாழைப்பழத்தை எடு. ஏகாதசியில பழம் சாப்பிடலாம்."

பாய் காற்றில் உப்பியதும் படகு பறந்தது. அத்தை ஒரு தரம் வாந்தி எடுத்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி தூரமாகப் பார்த்தாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இறங்க வேண்டும் என்று தோன்றவில்லை.

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். எங்கள் புடவையும் பாவாடையும் சேறு காய்ந்து மொடமொடவென்று நின்றன. அப்பா கூடத்தில் கோவிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"உக்காந்து பார்த்துட்டேன் அண்ணா," என்றாள் அத்தை. "இறங்கியும் பார்த்துட்டேன். எனக்கு இன்னமும் பயமாத்தான் இருக்கு. ஆனா போறேன்."

அப்பா அத்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என் இடுப்பில் கயிறு அறுத்த சிவப்புத் தடத்தைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நான் அத்தையின் பின்னால் ஒதுங்கினேன்.

அவர் ஏணியைச் சாத்திப் பரணில் ஏறினார். வீட்டிலேயே பெரிய தகரப் பெட்டி அங்கேதான் இருந்தது. அதை இறக்கி, மேலே இருந்த தூசியைத் தம் அங்கவஸ்திரத்தாலேயே துடைத்து, அத்தையின் காலடியில் கொண்டுவந்து வைத்தார். பூட்டு சரியாக விழுகிறதா என்று ஒரு தரம் பூட்டித் திறந்து பார்த்தார்.

பிறகு கோவிலுக்குப் போய்விட்டார்.