வெளியே கொட்டிய மழை

மழையின் முகத்தை எப்போதோ ஒருமுறை மட்டுமே காணும் கானப்பாறைக் கோட்டையின் மேல், அந்த அந்திப் பொழுதில், மேற்கு வானத்துச் செம்மையை மெல்ல மெல்ல விழுங்கியவாறு கருமேகங்கள் கவிந்து நின்றன. அன்பு வாசகர்களே, அவ்வூர் வீடுகளைச் சற்றுக் கவனியுங்கள். அத்தனை கூரைகளும் உட்புறமாகச் சாய்ந்து, விழும் துளியையெல்லாம் முற்றத்துத் தொட்டியில் சேர்ப்பவை. குடிக்க வேறு நீர், மலையிடுக்கில் மறைந்திருக்கும் ஒரே ஒரு சுனைதான்.

மழை இறங்கியது. ஊரே குடங்களோடு முற்றங்களுக்கு ஓடிற்று. சிற்றரசரின் மகள் செங்கோதை மட்டும், தனக்கெனப் புதிதாக எழுந்த வசந்த மண்டபத்தில், அதைக் கட்டிய பெருந்தச்சன் சாத்தனுடன் நின்றாள். வறண்ட வேம்பூரில் பிறந்தவன் என்று சொல்லிக்கொண்டு வந்தவன் அவன். மணந்தால் அவனைத்தான் மணப்பது என்று அவள் முடிவே செய்துவிட்டாள். நம்மிடம் அதை மறைத்து என்ன பயன்!

"பார்த்தீர்களா, இளவரசி! உள்ளே ஒரு சாரல்கூட இல்லை" என்றான் அவன், பெருமை பொங்க.

உண்மைதான். புதுக்கூரை மழையை முழுவதும் வெளிப்புறமாக வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்து முற்றத்துத் தொட்டியில் ஒரு கை நீர்தான் தேங்கியிருந்தது. செங்கோதையின் முகம் வெளுத்தது.

"வேம்பூரில் பிறந்த எவரும் மழையை வெளியே தள்ளமாட்டார். மழை பெய்து பெய்து அலுத்துப்போன சேர நாட்டில்தான் இப்படிக் கூரை வேய்வார்கள். உண்மையைச் சொல்லும். யார் நீர்?"

அவன் கை இடையில் மறைத்திருந்த குறுவாளை நாடிப் பின் தளர்ந்தது.

"பழகிய கை காட்டிக்கொடுத்துவிட்டது. சேரர் படைத்தலைவன் இளங்குட்டுவன் நான். உங்கள் சுனையைத் தேடி வந்தேன்; கண்டுகொண்டேன். அதை அடைத்துவிட்டால் இக்கோட்டை எங்களுடையது."

காவலரை அழைத்தால் அவன் தலை உருளும். விட்டுவிட்டால் ஊரே நாவறண்டு சாகும்.

"சுனையைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று ஆணையிடும். போகலாம்" என்றாள் செங்கோதை.

"என் வேந்தருக்குத் துரோகம் செய்யச் சொல்கிறீர்களா?"

"இத்தனை காலம் யார் வீட்டுத் தண்ணீரைக் குடித்தீர்?"

அவன் தலை குனிந்தான். தொட்டியில் தேங்கியிருந்த நீரைக் கையில் ஏந்தி, "இந்நீர்மேல் ஆணை. அந்தச் சுனை என்னோடு மண்ணுக்குள் போகும்" என்றான். மறுகணம் மதிலேறி மழைக்குள் மறைந்தான்.

காவல் தலைவன் ஓடி வந்தான். "தச்சர் எங்கே, தாயே?"

"போய்விட்டார். நாளைக்கு ஆட்களை வரச்சொல்லுங்கள். கூரையைப் பிரித்து உட்புறம் சாய்த்து வேயவேண்டும்" என்றாள் செங்கோதை.

பிறகு அவளே ஒரு குடத்தை எடுத்துப் போய், கொட்டும் மழையில் நனைந்தபடி, அவன் கட்டிய கூரையின் விளிம்புக்கு அடியில் வைத்தாள்.