இரண்டு ஸ்பூன் தண்ணீர்

“ரெண்டு ஸ்பூன் தண்ணி ஒரு ஆளைக் கொல்லுமா, டாக்டரம்மா?”

காலை பத்து மணிக்கு, பிரேதப் பரிசோதனைக் கூடத்தை ஒட்டிய சின்ன அறைக்குள் வந்து நின்றவர் கேட்ட முதல் கேள்வி அது. பூட்டு ரிப்பேர் செய்கிறவர். விரல் இடுக்கெல்லாம் எண்ணெய்க் கறை. கையில் ஒரு துணிப்பை. உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை.

“கொல்லும். புரையேறி மூச்சுக்குழலுக்குள்ள போச்சுன்னா...” என்று ஆரம்பித்தார் ஆய்வக உதவியாளர். யார் எதைக் கேட்டாலும் முதலில் பதில் சொல்லிவிட்டு அப்புறம் யோசிக்கிற ஆள். அதனால் அந்தக் கட்டடம் முழுக்க அவருக்கு முந்திரிக்கொட்டை என்றே பெயர், சுருக்கமாக முந்திரி. பூட்டுக்காரரின் முகம் வெளிறுவதைப் பார்த்ததும் முந்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். சே, இந்த வாய்தான் தனக்குச் சனியன் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “முதல்லேருந்து சொல்லுங்க.” இருபத்தாறு வருஷமாக இறந்தவர்களோடு பழகியவர், பேச்சில் சிக்கனம்.

பூட்டுக்காரர் சொன்னார். அவர் மனைவிக்குப் பெரிய சலவைக்கூடம் ஒன்றில் வேலை. போன வாரம் ஒருநாள் காலையில், தேய்ப்பு மிஷினுக்குப் பின்னால் அவள் குனிந்து சுத்தம் செய்துகொண்டிருந்தபோது ஆவிக்குழாய் பீறிட்டு, முதுகும் தொடையும் வெந்துபோயின. குழாய் இணைப்பு தானாக விட்டுப்போனது என்றார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் நன்றாகப் பேசினாள். மூன்றாம் நாள் மதியம், “ஒரு வாய் தண்ணி குடுய்யா, உனக்குப் புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சினாள். கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தும் மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலமே மூச்சுத் திணறிப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

“என் பொண்ணு பக்கத்துலதான் நின்னா. அவளும் அங்கதான் வேலை பாக்கறா. ‘ஆறிட்டு வந்த அம்மாவைத் தண்ணி குடுத்துக் கொன்னுட்டியே’ன்னு ஊருக்கெல்லாம் கேக்கற மாதிரி கத்தினா. அதோட சரி, என்கிட்ட பேச்சே இல்லை. உள்ளங்கை வேற சுட்டுக்கிட்டிருக்கா, மருந்து போடவும் விடமாட்டேங்கறா. எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதாம்மா. நான்தான் கொன்னேன்னா சொல்லிடுங்க, தாங்கிக்கறேன். இல்லைன்னா அதை அவகிட்ட நீங்க சொல்லுங்க.”

அந்த உடலைப் பரிசோதித்தது டாக்டரம்மாதான். நுரையீரலைச் சீவி சிலைடு தயாரித்தது முந்திரி. அறிக்கை இன்னும் எழுதப்படவில்லை.

டாக்டரம்மா துணிப்பையைக் கேட்டு வாங்கினார். உள்ளே இறந்தவளின் செருப்பு, சோற்று டப்பா, ஒரு தோள்துண்டு. துண்டை மேசையில் விரித்தார். இரண்டு முனைகள் இறுக்கி முடிந்தது போலக் கசங்கியிருந்தன. நடுவில் வளைவாகத் துருக்கறை.

“இது எதுக்கு?”

“மிஷினுக்குப் பின்னால போறவங்க, ஆவியைத் திறக்கற சக்கரத்துல அவங்கவங்க துண்டைக் கட்டிட்டுப் போகணும். துண்டு இருந்தா யாரும் தொடக் கூடாது. வந்து அவங்களேதான் அவுக்கணும். இவ மறதிக்காரி, அவுக்காமலே வந்து தினம் திட்டு வாங்குவா.” பூட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “பொண்ணுதான் இதையெல்லாம் எடுத்துட்டு வந்தா. வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கா. உள்ள வரமாட்டேன்னுட்டா.”

“கொஞ்ச நேரம் நீங்களும் அங்கேயே இருங்க.”

கதவு சாத்தியதும் முந்திரி பொங்கிவிட்டார். “அந்த ஆள் பாவம்மா! தண்ணியா இருக்காது. ஆவியை மூச்சுல இழுத்திருப்பாங்க.”

“மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் மூணும் சுத்தமா இருந்துது. கொதிக்கற ஆவி உள்ள போயிருந்தா முதல்ல வேகறது தொண்டைதானே?”

“அப்போ தண்ணியேதானா?” முந்திரியின் குரல் இறங்கியது.

“புரையேறின தண்ணி பெரும்பாலும் ஒரு பக்கமா, கீழ்ப்பக்கமாப் போய்த் தங்கும். இவங்களுக்கு ரெண்டு நுரையீரலும் மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி கனத்துக் கிடந்துது. இதையும் பாருங்க.” வார்டிலிருந்து வந்த அட்டவணையை நகர்த்தினார். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று நர்ஸ் குறித்திருந்தாள். முதல் நாள் பதினெட்டு. இரண்டாம் நாள் மதியம் இருபத்தாறு. இரவு முப்பத்திரண்டு.

“தண்ணி குடுத்தது மூணாம் நாள்!” முந்திரி துள்ளினார். “அதுக்கு முன்னாடியே மூச்சு வாங்க ஆரம்பிச்சாச்சு. ஆனா வெந்தது முதுகுன்னா, நுரையீரல் எப்படிம்மா கெட்டுது?”

“நீங்க போட்ட சிலைடுதான். பாருங்க.”

முந்திரி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். முடியை விட மெல்லிய ரத்தக் குழாய்களில் வெள்ளை அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கிருமிகளோடு சண்டை போடுவதற்காக உடம்பு வைத்திருக்கும் காவல்காரர்கள். அங்கே கிருமி ஒன்றுகூட இல்லை.

“தோல் வெந்ததும் உடம்பு பூரா அபாயச் சேதி போகுது,” என்றார் டாக்டரம்மா. “இந்த வெள்ளை அணுவெல்லாம் ரத்தத்துல கூட்டங்கூட்டமாக் கிளம்புது. வெறியேறினப்புறம் அந்த அணு விறைச்சுப் போயிடும், ஒட்டிக்கவும் செய்யும். நுரையீரலோட சின்னக் குழாய்ல சிக்கிக்குது. கிருமி மேல ஊத்த வேண்டிய விஷத்தை அங்கேயே ஊத்திடுது. குழாய்ச் சுவர் பொத்துப்போய், உடம்போட நீரே உள்ள கசியுது. அந்தம்மா மூழ்கினது அந்தத் தண்ணியில.”

“வேலியே பயிரை மேஞ்சிருக்கே!”

“ஆமா. வேற காரணமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம். ஆனா தொடங்கி வெச்சது தீக்காயம்தான்.”

முந்திரிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “அப்போ அவர் தப்பிச்சாரு! போய்ச் சொல்லிடட்டுமா?”

டாக்டரம்மா துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “தண்ணிதான் கொன்னதுன்னு இருந்தா யாருக்கு நிம்மதின்னு யோசிச்சீங்களா, முந்திரி?”

முந்திரி வாயைத் திறந்தார். கசங்கிய முனைகளையும் துருக்கறையையும் ஒரு தரம் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.

இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். மகளுக்குப் பத்தொன்பது வயசு இருக்கும். வலது கையை முந்தானைக்குள் மறைத்தபடி சுவரோரம் நின்றாள். டாக்டரம்மா தொண்டையையும் நுரையீரலையும் அட்டவணையையும் நிதானமாக எடுத்துச் சொன்னார். “உங்கப்பா குடுத்த தண்ணி இதுக்குக் காரணமில்லை” என்று முடித்தார்.

பூட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு ஓவென்று அழுதார். மகள் முகத்தில் ஈயாடவில்லை.

“பொய்! தண்ணிதான். காயம் ஆறிட்டு வந்துச்சு. எங்கம்மா நல்லாப் பேசினா!”

“பேசினாங்க. அப்பவே உள்ள ஆரம்பிச்சிடுச்சும்மா. உன் கையைக் காட்டு.”

“இஸ்திரிப் பெட்டி சுட்டுச்சு.”

“இஸ்திரிப் பெட்டின்னா தட்டையாச் சுட்டிருக்கும். சக்கரம்னாத்தான் வளைவாச் சுடும்.” டாக்டரம்மாவின் குரல் உயரவில்லை. “உங்கம்மா முதுகு வெந்தப்போ இந்தத் துண்டு அவங்க தோள்ல இருந்திருந்தா இதுவும் நனைஞ்சு சுருங்கியிருக்கும். இது சக்கரத்துல கட்டியிருந்துது. யாரோ அவுத்து, சூடு தெரியாம இருக்க அதையே கையில சுத்திக்கிட்டு சக்கரத்தைத் திருப்பியிருக்காங்க, அப்படியும் சூடு துணியைத் தாண்டியிருக்கும். அந்தத் துண்டு அப்புறம் உன்கிட்ட இருந்துது.”

அவள் கை தானாக வெளியே வந்து விரிந்தது. உள்ளங்கையின் குறுக்கே பிறை மாதிரி ஒரு கொப்புளம்.

“அவ எப்பவும் மறந்துடுவா,” என்றாள் மகள். “தினமும் நான்தான் அவுப்பேன். அன்னிக்கும் மறந்துட்டான்னுதான் நினைச்சேன். ‘இந்த அம்மாவுக்கு எத்தனை தடவை சொல்றது’ன்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டேதான் திருப்பினேன். மிஷினுக்குப் பின்னால இருப்பான்னு... அம்மா கத்தினதும்...”

பூட்டுக்காரரின் அழுகை நின்றுவிட்டது. பேயறைந்தவர் மாதிரி மகளையே பார்த்தார். பிறகு சட்டென்று மேசைப் பக்கம் திரும்பினார்.

“டாக்டரம்மா, நான் பொய் சொல்லிட்டேன். ரெண்டு ஸ்பூன் இல்லை. ஒரு சொம்பு குடுத்தேன். அவ வேண்டாம் வேண்டாம்னா, நான்தான் வாயில ஊத்தினேன். தண்ணின்னே எழுதிடுங்க. உங்க கால்ல விழறேன்.”

எழுதுங்களேன் அம்மா, யார் கேட்கப் போகிறார்கள் என்று கத்திவிடலாம் போலிருந்தது முந்திரிக்கு.

“தீக்காயம்னுதான் எழுதுவேன்,” என்றார் டாக்டரம்மா. “திருப்பினது யாருன்னு நுரையீரல் சொல்லாது. இந்தத் துண்டை நான் பையில திருப்பி வெச்சுடறேன். விசாரிக்க வர்றவங்ககிட்ட என்ன சொல்றதுங்கறது உங்க வீட்டு முடிவு.”

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னால் வந்தாள். துண்டைப் பையில் போட விடாமல் இடது கையால் மேசையோடு அழுத்திப் பிடித்தாள்.

“எழுதிக்குங்க. அவர் குடுத்தது ரெண்டு ஸ்பூன்தான். நான் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். அவர் பொய் சொல்றாரு. சக்கரத்தைத் திருப்பினது நான்.”

“ஐயோ, வேண்டாம்டி கண்ணு!” பூட்டுக்காரர் அவள் வாயைப் பொத்தப் போனார். அவள் விலகவில்லை. அவர் கைதான் பாதியிலேயே நின்றது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “இதுக்காம்மா நான் உங்களைத் தேடி வந்தேன்?”